அடியில் தங்கிய மா

சட்டியைச் சாய்த்துத் தண்ணீரை இறுப்பதற்கு அவசரமில்லாத கை வேண்டும். எனக்கு அந்தக் கை இருந்ததே இல்லை. சோறு வேகுமுன் மூடியைத் திறப்பவள் நான், கடிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்பவள், இன்றைக்கும் வெள்ளவத்தைக் கடற்கரையில் ஓர் இடத்தில் நிற்கமாட்டாமல் தண்டவாளத்தோடு நடந்துகொண்டே இருப்பவள். ஆனால் சண்டைக் காலத்தில், கொட்டாஞ்சேனையில், ஒரு மண்சட்டியின் முன்னால் அரை நாள் அசையாமல் குந்தியிருந்திருக்கிறேன். சட்டிக்குள் ஒரு வெள்ளை இறங்கிக்கொண்டிருந்தது. அது இறங்கி முடிந்தால் என் பிள்ளைக்குச் சாப்பாடு.

நாங்கள் இருந்த இடத்துக்குத் தோட்டம் என்று பெயர். ஒரு செடி கிடையாது. எதிரெதிராக இரண்டு வரிசை அறைகள், நடுவில் கழிவுநீர் ஓடுகிற திறந்த கான், கானின் தலைப்பில் ஒரு பைப்பு. மழை பெய்தால் கான் எங்கள் வாசற்படி வரைக்கும் வந்து, ஊரின் அழுக்கையெல்லாம் காட்டிவிட்டு இறங்கிப் போகும். யப்பான் விமானங்கள் வந்து போன பிறகு பாதி அறைகள் காலியாகிவிட்டன. சனம் பெட்டி படுக்கையோடு வடக்கே ரயிலேறியது. என் கணவர் துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் கணக்கு எழுதுகிறவர். விட்டுவிட்டுப் போக முடியாது. அவர் போகாததால் நானும் போகவில்லை. நான் போகாததால் பிள்ளை அங்கேயே பிறந்தான்.

ஆண் பிள்ளை. தவழத் தொடங்கிய பருவத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது என் பாலையும் கொண்டு போய்விட்டது. டின் பால் கொடுத்தோம். டின் பாலோ, பைப்புத் தண்ணீரோ, ஈயோ, அவனுக்கு வயிற்றோட்டம் பிடித்தது. மாற்றிக் கட்டத் துணி போதாமல் என் பழைய சேலையைக் கிழித்தேன். முதலில் அழுதான். பிறகு முனகினான். பிறகு அதுவும் இல்லை. கண் குழிந்துபோன பிள்ளையின் மௌனம் போல் ஓர் அறையை நிரப்பக்கூடியது வேறொன்றும் இல்லை.

டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி அவனுடைய வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது.

"டின் பாலை நிப்பாட்டுங்கோ. ஆரோரூட் மாவைக் கஞ்சியாக் காய்ச்சிக் குடுங்கோ. வயிறு கட்டினாப் பிறகு ஆட்டுப்பால், தண்ணி கலந்து."

"ஆரோரூட் மாவுக்கு எங்க போறது ஐயா? கடையில இல்லையே."

"கப்பலை மறிக்கிற யப்பான்காரனிட்டத்தான் அதைக் கேக்கவேணும்" என்றார். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். அவரும் சிரிக்கவில்லை.

அரிசியே கூப்பனுக்கு அளந்து வந்த காலம். சனம் மரவள்ளியில் உயிர் வாழ்ந்தது. கிருலப்பனையில் என் கணவரோடு வேலை செய்பவர் ஒருவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. கிழங்குகளெல்லாம் தோண்டி முடிந்து, வேலியோரம் நட்டது மட்டும் மிச்சம். ஆரோரூட்டுக்குப் பதிலாக மாவு எடுக்கத்தானே, அது போதும் என்று என் கணவர் ஒரு சாக்கில் சுமந்து வந்தார். தோண்டிக் கொடுத்த சிங்களக் கிழவர் சொல்லியனுப்பியதை வாசலில் நின்றே ஒப்பித்தார்: "'தித்தய், மாத்தயா. இங்குரு எப்பா' எண்டு ரெண்டு தரம் சொன்னவர். கசக்குமாம். இஞ்சி கிட்டவும் வரக்கூடாதாம்."

இஞ்சி விஷயம் எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரவள்ளி தின்ற வாய்க்கு இஞ்சி விஷம் என்பது இந்தத் தீவில் சிங்களவர், தமிழர், சோனகர் என்று பேதமில்லாமல் எல்லோரும் நம்பிய ஒன்று. மரவள்ளி அவிக்கிற நாளில் இஞ்சியை வீட்டை விட்டே வெளியேற்றுவார்கள். அதனால் நாங்கள் கிழவரின் இரண்டாவது சொல்லைப் பிடித்துக்கொண்டோம். முதல் சொல்லை, கசக்கும் என்ற அந்த ஒற்றைச் சொல்லை, ருசியைப் பற்றியது என்று எண்ணி விட்டுவிட்டோம். பிள்ளைக்கு ருசி என்ன ருசி?

மா எடுப்பது பெரிய வித்தை அல்ல. கிழங்கைத் தோல் சீவி, ஆணியால் துளைத்த தகரத்தில் துருவி, தண்ணீரில் பிசைந்து, வேட்டித் துணியில் பிழிய வேண்டும். துணியில் சக்கை நிற்கும். சட்டியில் பால் போல ஒரு தண்ணீர் நிற்கும். அதை அப்படியே விட்டுவிட வேண்டும். தொடக்கூடாது, ஆட்டக்கூடாது, பக்கத்தில் அடுப்பு விறகைத் தட்டக்கூடாது. தண்ணீரில் மிதந்தலைகிற வெள்ளை, தன் பாரம் தனக்குத் தெரிந்தாற்போல மெல்ல மெல்லக் கீழே போகும். வெயில் வாசலிலிருந்து சுவருக்கு ஏறியபோது சட்டியின் அடியில் சுண்ணாம்புக் கட்டி போல மா இறுகிக் கிடந்தது. மேலே மங்கிய மஞ்சளில் ஒரு தண்ணீர், ஓரங்களில் நுரை.

சாய்த்தேன். நூல் போல வழியவிட்டேன். வெள்ளை அசைய எண்ணுகிற கணத்தில் கையை நிறுத்த வேண்டும். அதற்கு முன்னால் நிறுத்தினால் அழுக்கு மிஞ்சும், பின்னால் நிறுத்தினால் மா போய்விடும். என் அவசரக் கை அன்றைக்கு எப்படியோ அந்த இடத்தில் நின்றது. மேல் தண்ணீரெல்லாம் வாளியில் சேர்ந்தது. மாவின் மேல் புதுத் தண்ணீர் வார்த்துக் கலக்கத் தொடங்கினேன், மறுபடி தெளிய வைக்க.

அப்போதுதான் பக்கத்து அறைத் தாத்தா எட்டிப் பார்த்தார். சோனக முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் தாத்தா. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. ஓர் ஆடு இருந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளைக் காது. தோட்டத்தில் ஒரு வழக்கம், யாரும் சட்டம் போடாத வழக்கம்: எந்த அறையில் அரிசி கழுவினாலும் கழுநீர் தாத்தாவின் வாசலில் இருந்த தகரத் தொட்டிக்குப் போகும். எந்த அறையில் பிள்ளைக்குச் சுகமில்லையோ அந்த அறைக்கு ஒரு கோப்பைப் பால் வரும். என் பிள்ளையின் வயிறு கட்டியதும் வர இருந்த பால் அதுதான். தாத்தாவே சொல்லி வைத்திருந்தார்.

ஆனால் கூப்பன் அரிசி வந்த நாளிலிருந்து யார் அரிசியை மூன்று தண்ணீரில் கழுவினார்கள்? தொட்டி காய்ந்து கிடந்தது. ஆட்டின் விலா எலும்புகள் தெரிந்தன.

"என்ன தங்கச்சி இது, பால் மாதிரி ஈக்கி. கான்ல ஊத்தப் போறியா?"

"மரவள்ளித் தண்ணி தாத்தா. கழிவு."

"கழிவா? எங்கட மகராசி கழுநீரக் கண்ணால கண்டு எத்தின நாளு. இதுல இஞ்சி பட்டிச்சா?"

"இஞ்சி வீட்டிலேயே இல்லை."

"அப்ப என்னத்துக்குப் பயம்?" வாளிக்கு மேல் குனிந்து மூக்கைச் சுருக்கினார். "பாதாங்கொட்ட வாசம் வருது புள்ளே! இன்டைக்கி அவளுக்குக் கலியாணச் சாப்பாடுதான்."

நான் சட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஆடு உறிஞ்சுகிற சத்தம், பேராசையோடு, நீளமாக. அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்கமாட்டேன். யாரோ வயிறு நிறையக் குடிக்கிறார்கள் என்ற சந்தோஷம்.

இரண்டாம் தண்ணீர் இன்னும் தெளியவில்லை. தாத்தாவின் குரல் எழுந்தது. ஓடிப் போனேன்.

ஆடு நான்கு காலையும் அகட்டி நின்று ஆடியது. வாயில் நுரை. வயிறு மத்தளம் போல ஊதியிருந்தது. தண்ணீருக்குள் அமிழ்ந்தவன் காற்றைத் தேடுவது போலக் கழுத்தை மேலே நீட்டி நீட்டி இழுத்தது. பிறகு முன்கால்கள் மடங்கின. முடுக்கிலிருந்த கறிக்கடைக்காரர் யாரோ சொல்லிக் கத்தியோடு வந்துவிட்டார்.

"தாத்தா, இப்பவே அறுத்தாத்தான் உண்டு. மவுத்தானாப் பொறகு ஹராம். கறியாவது மிஞ்சட்டும்."

"தொடாதீங்க."

"பஞ்ச காலத்துல இப்பிடிச் சொல்லலாமா?"

"தொடாதீங்கன்டா தொடாதீங்க!" தாத்தா ஆட்டின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். கறிக்கடைக்காரர் கத்தியைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு நின்றார், துடைக்க அதில் ஒன்றும் இல்லாதபோதும். ஆடு தாத்தாவின் மடிக்குக் கீழேயே அடங்கியது.

தோட்டம் திரண்டது. எல்லோருடைய வாயிலும் ஒரே சொல். இஞ்சி. யார் வீட்டில் இஞ்சி? யார் தேத்தண்ணீரில் இஞ்சி போட்டது? எதிர் அறைக்காரி, புருஷன் முனிசிப்பாலிட்டியில் வேலை, வாய் அவளுக்கு ஒரு முழம், என் அறைக்குள் நுழைந்து துருவு தகரத்தை எடுத்து முகர்ந்தாள்.

"வாடை அடிக்குதே! இதுல இஞ்சி துருவியிருக்கீங்க."

"சத்தியமா இல்லை."

"அப்ப ஆடு சும்மாவா செத்துச்சு? ஆட்டுக்குத் தண்ணி வச்சது யாரு? நீங்கதானே?"

தாத்தாவைப் பார்த்தேன். நானே எடுத்துப் போனேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் ஆட்டின் வெள்ளைக் காதை நீவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. தோட்டம் அதையே பதிலாக எடுத்துக்கொண்டது.

மாலையில் என் கணவர் வந்து விஷயத்தைக் கேட்டு அப்படியே சுவரோடு உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்த மாவைப் பிள்ளைக்குக் குடுக்க வேண்டாம். நாளைக்கு வேற ஏதும் பாப்பம்."

என்ன வேறு? எங்கே இருந்தது வேறு? நாங்கள் இருவரும் சட்டியைப் பார்த்தோம். அதற்குள் மூன்றாம் தண்ணீரையும் இறுத்திருந்தேன், இறுத்ததையெல்லாம் ஆள் நடமாடாத இடத்தில் குழி தோண்டி ஊற்றியிருந்தேன். அடியில் தங்கிய மா பௌர்ணமி போல வெள்ளையாய்க் கிடந்தது. மூக்கை வைத்துப் பார்த்தேன். வாசனை என்று ஒன்றுமே இல்லை.

ஒன்றாயிருந்ததை இரண்டாகப் பிரித்தது நான். இஞ்சி என் வீட்டில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே விஷம் கிழங்கிலேயே இருந்தது, கிழவர் கசக்கும் என்றது அதைத்தான். சட்டியைச் சாய்த்தபோது அது எந்தப் பக்கம் போயிற்று? தண்ணீரோடு முழுவதும் போயிற்றா, அல்லது பாதி இறங்கி மாவோடு படுத்துக்கொண்டதா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. விஷத்துக்கு நிறம் இருந்திருந்தால் உலகத்தில் தாய்மார் பாடு எவ்வளவோ இலேசு. தொட்டிலில் பிள்ளை, கையை விரித்தபடி, உதடு காய்ந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல் கிடந்தான். கொடுத்தால் சாகலாம். கொடுக்காவிட்டால் சாவான்.

காலையில் அவர் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்தினேன். மாவில் ஒரு கட்டி உடைத்துக் கஞ்சி காய்ச்சினேன். கோப்பை நிறைய நானே குடித்தேன். கசப்பு இல்லை. ஒன்றுமே இல்லை, பசையைப் போல, சொல்லாத சொல்லைப் போலத் தொண்டையில் இறங்கியது. பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என் உடம்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தலை சுற்றியது, பயத்தில் சுற்றியதா விஷத்தில் சுற்றியதா என்று தெரியவில்லை. கைவிரலை மடக்கி நீட்டினேன். மூச்சை எண்ணாமல் எண்ணினேன். துறைமுகத்தில் மதியச் சங்கு ஊதியபோது எனக்குப் பசித்தது. பசிக்கிறவள் சாகிறவள் அல்ல.

அவனுக்குக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன்.

வயிற்றோட்டம் நின்றது. அன்றைக்குக் கொஞ்சம், அடுத்த நாள் முழுவதுமாக. கொடியில் காய்ந்த துணிகள் காய்ந்தபடி தொங்கின, எடுக்க வேலையில்லாமல். ஒரு விடியலில் அவன் அழுதான். அடித்தொண்டையிலிருந்து, கோபத்தோடு, பசிக்கு அழுகிற பிள்ளையின் அழுகை. என் கணவர் பாயிலிருந்து எழும்பி உட்கார்ந்து சிரித்தார். பிறகு எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்திருக்க வேண்டும். இப்போதுதான் பால் கொடுக்க வேண்டும். பக்கத்து வாசலில் தொட்டி கவிழ்த்தபடி கிடந்தது.

தாத்தா கதவு திறப்பதில்லை. தண்ணீருக்கு வந்தாலும் என் முகம் பார்ப்பதில்லை. அழுகை சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும், அவ்வளவு மெல்லிய பலகைச் சுவர்.

என் கணவர் அரை நாள் லீவு சொல்லிக் கிருலப்பனைக்குப் போய் ஒரு போத்தலில் ஆட்டுப்பால் வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல வெயில். பஸ்ஸின் குலுக்கல். அடுப்பில் வைத்ததும் பால் திரிந்துபோனது. கட்டி கட்டியாக வெள்ளை ஒரு பக்கம், பச்சை ஓடிய தண்ணீர் ஒரு பக்கம். அழுகை வந்தது, ஆனால் கை தன் பாட்டில் கோப்பையைச் சாய்த்தது. இந்தத் தரம் தண்ணீர்தான் வேண்டியது, கட்டி அவன் வயிற்றுக்கு ஆகாது. அந்தத் தெளிந்த தண்ணீரை அவன் நாக்கை நீட்டி நீட்டி நக்கினான். கரண்டியைக் கடித்தான். இன்னும் என்று வாயைத் திறந்தான். இன்னும் இல்லை.

அடுத்த நாள் காய்ச்சல் வந்தது. அப்போதிக்கரி இந்த முறை தோலைக் கிள்ளிப் பார்க்கவில்லை.

"மா குடுத்தீங்களோ? ஓம், நல்லது. அது வயித்தை நிப்பாட்டும். உடம்பை வளர்க்காது. உள்ளுக்கை ஒண்டும் மிச்சமில்லையம்மா, இந்தக் காய்ச்சலோட சண்டை பிடிக்க."

பைப்பில் தண்ணீர் திறக்கிற முற்பகல் நேரம். வெளியே வாளிகள் மோதிக்கொண்டன, பெண்கள் வரிசைக்காகச் சண்டை போட்டார்கள். என் மடியில் அவன் ஒரு தரம் கொட்டாவி விட்டான். அதற்குப் பிறகு மூச்சு விடவில்லை.

தோட்டம் மறுபடி திரண்டது. சின்னப் பிள்ளை, எரிப்பதில்லை. ஆண்கள் வேட்டியில் சுற்றி மாதம்பிட்டியில் புதைக்கக் கொண்டு போனார்கள். பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அழுதார்கள், உண்மையாகவே அழுதார்கள். அழுகைக்கு நடுவில் எதிர் அறைக்காரி மாச்சட்டியைக் கண்டுவிட்டாள்.

"இதையா குடுத்தீங்க? ஆட்டைக் கொன்னதையா பிள்ளைக்குக் குடுத்தீங்க?"

புதைத்துவிட்டுத் திரும்பியவர்கள் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் ஈரக் காலோடு உள்ளே வந்தார். அவர் அதைக் கேட்டிருந்தார்.

"நீர் அந்த மாவைக் குடுத்தனீரோ?"

"ஓம்."

"வேண்டாம் எண்டு சொன்னனான் எல்லோ."

"நான் முதல்ல சாப்பிட்டுப் பாத்தனான். எனக்கு ஒண்டும் செய்யேல்லை."

"ஆர் கண்டது?"

அவர் கத்தவில்லை. கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. ஆனால் பெண்கள் என்னிடமிருந்து ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு அல்லவா குடித்தேன்? அந்தக் கஞ்சிக்குச் சாட்சியாகச் சுவர்தான் இருந்தது. வயிறு நின்றதை, அவன் பசித்து அழுததை, அப்போதிக்கரி நல்லது என்று சொன்னதை, எதை எடுத்துச் சொல்ல? யாருக்கு? அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு கானை நோக்கி நடந்தார். நான் எழும்பவில்லை. ஊற்றட்டும் என்றுதான் இருந்தேன். எனக்கு அதில் இனி என்ன?

தாத்தா குறுக்கே வந்து நின்றார்.

"கொட்டாதீங்க தம்பி. தாங்க."

"விடுங்கோ தாத்தா. உங்கட ஆட்டையும் கொன்றது இதுதானே."

"அது இல்ல. அது மேல் தண்ணி." தோட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "அந்தத் தண்ணிய தங்கச்சி குடுக்கல்ல. நான்தான் வாளியோட எடுத்துக்கிட்டுப் போனேன். கழிவுன்டுதான் அவ சொன்னா. இஞ்சியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல."

எதிர் அறைக்காரி விடவில்லை. "அப்ப மாவு மட்டும் நல்லதுன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரீயா" என்றார் தாத்தா. தெரியாது என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

சட்டியை வாங்கிக்கொண்டு போய், தன் வாசலில், எல்லோரும் பார்க்க, மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினார். மிச்சமிருந்த மா முழுவதையும் போட்டுக் காய்ச்சினார். உப்பு இல்லை, சீனி இல்லை. ஆறவிடவும் இல்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு, ஊதி ஊதிக் குடித்தார். குடித்து முடித்து, சட்டியை விரலால் வழித்து, அதையும் நக்கினார். அது சாட்சிக்காக மட்டும் குடித்தது அல்ல என்று அந்த விரலைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது. ஆடு போன பிறகு அவர் என்ன தின்றார் என்று நாங்கள் யாரும் கேட்டிருக்கவில்லை.

பிறகு வாசற்படியில் உட்கார்ந்தார். தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வாளிகள் வைத்த இடத்தில் வெறுமையாக நின்றன. வெயில் இறங்கியது, ஒருவரும் போகவில்லை. நானும் என் வாசலுக்கு வந்து நின்று பார்த்தேன். விழக்கூடாதே என்று வேண்டினேனா, விழுந்துவிட்டால் நல்லது என்று ஒரு மூலையில் நினைத்தேனா, இத்தனை வருடத்துக்குப் பிறகும் பிரித்தெடுக்க முடியவில்லை.

அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு கேட்டது. தாத்தா கால் மரத்துப்போனதென்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு கணம் தள்ளாடினார். கூட்டம் மூச்சை இழுத்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பைப்படிக்கு நடந்து போய், கை கால் முகம் கழுவி, திரும்பி நடந்து வந்து, தொழுவதற்கு உள்ளே போனார்.

பெண்கள் ஒவ்வொருவராக வாளியை எடுத்துக்கொண்டார்கள். என் கணவர் கானின் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தார், என் பக்கம் திரும்ப முடியாதவராக. இருட்டுகிற வரைக்கும் நான் அவரை உள்ளே கூப்பிடவில்லை.